இல்லத்து நாயின் உணவு

வீட்டார் உண்டு முடிந்தபின் எஞ்சிய சோற்றையும், கறிச்சட்டியின் அடியிற் கிடக்கும் குழம்பையும், மீன்முள்ளையும் ஒன்றாய்ப் பிசைந்து முற்றத்து மூலையில் வைத்தலே நெடுங்காலமாக நாய்க்கு உணவளித்தல் எனப்பட்டு வந்தது. நாயும் அதனை மறுப்பதில்லை. வாலைக் குழைத்து உண்கின்றது. அது மறாமையைக் கண்டு, இட்ட உணவு போதியது என்று கொள்வதும் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்துக்கு முற்றும் மாறான வேறொன்று இன்று பல வீடுகளிற் காணப்படுகின்றது. நாயைப் பிள்ளைபோற் பேணி, அதற்கென்றே நல்ல இறைச்சி வாங்கி, முள்ளும் எலும்பும் நீக்கி, தனிப் பாத்திரத்தில் அவித்து ஊட்டுவோர் உளர். முன்னையது புறக்கணிப்பு, பின்னையது அன்பு. ஆயினும் நாயின் எலும்பையும் குருதியையும் சோதித்துப் பார்க்குமிடத்து, இவ்விரண்டும் ஒரே குறையிற் சென்று முடிதல் உண்டு. அக்குறை யாது, அதனை வீட்டடுப்பிலேயே எவ்வளவுக்குத் தீர்த்தல் இயலும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நாய் ஓநாயின் வழிவந்தது. ஆதலின் அது புலாலுண்ணி. அதற்குச் சோறிடுதல் இயற்கைக்கு மாறு என்பர் சிலர். வழிவந்தது என்பது உண்மை. எனினும் வந்த வழி நெடியது. யேர்மனி நாட்டில் பொன் நகரின் அருகே 1914ஆம் ஆண்டில் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அதனுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயுமாகப் புதைக்கப்பட்டிருந்தனர். அதன் காலம் இற்றைக்கு ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். அத்துணைப் பழைமை வாய்ந்த உறவில், மனிதன் வேட்டையை விட்டு உழவை மேற்கொண்டபோது அவனுடைய உணவு மாறிற்று. அவனை அடுத்திருந்த விலங்கின் உணவும் உடன் மாறிற்று. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்றாகும். மாப்பொருளைச் சீரணிப்பிக்கும் அமிலேசு என்னும் நொதியத்தைச் சதையியில் ஆக்கும் பரம்பரையலகு ஓநாயிடத்து 2 பிரதிகளாகவே உள்ளது. நாய்களிடத்தோ 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டன. உழவு பரவாத நிலங்களில் வாழ்ந்த நாய்களிடத்து இப்பெருக்கம் மிகக் குறைவு என்பதும் பின்னர் அறியப்பட்டது; அவுஸ்திரேலியாவின் டிங்கோ இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே சோறுண்ணும் மக்களின் நடுவே பிறந்த நாய் சோற்றைச் செரிக்கும் ஆற்றலோடு பிறந்தது என்பதில் ஐயமில்லை. அதன் உமிழ்நீரில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியம் இன்மையால், சோறு நன்கு குழைய வெந்திருத்தல் வேண்டும் என்பது மட்டுமே இங்குக் கருதற்பாலது.

பழைய உரோமரும் நாய்க்கு வெறும் இறைச்சி இட்டாரல்லர். வேளாண்மை பற்றி எழுதிய வார்ரோ, மந்தை காக்கும் நாய்களுக்குப் பாலில் ஊறவைத்த வாற்கோதுமை அப்பத்தை விதித்தார். அவருக்குப் பின்வந்த கொலுமெல்லாவும் வாற்கோதுமை மாவையும் பால்தெளிவையுமே கூறினார். தானியம், பால், எலும்பு என்னும் மூன்றும் அவர்தம் விதியில் இடம்பெற்றமை நோக்கற்பாலது. அக்காலத்தார் காரணம் அறியாராயினும், நாயின் உடல்நிலையைக் கண்ணாற் கண்டு விதித்தனர்.

காரணத்தை உலகுக்கு உணர்த்தியதும் நாயே. உணவியல் என்னும் கலையின் வரலாற்றைப் புரட்டினால், அதன் தலையாய ஏடுகள் பல நாயின் உண்கலத்திலிருந்து எழுதப்பட்டமை புலனாகும். பிரான்சு நாட்டு உடலியலறிஞர் மாசாந்தி 1816ஆம் ஆண்டில், நாய்களுக்குச் சர்க்கரையும் வடித்த நீரும் மட்டுமே கொடுத்துப் பார்த்தார். முதலிரு வாரங்களில் அவை விருப்புடன் உண்டன, பின்னர் மெலிந்தன, கண்களின் வெண்படலம் புண்பட்டது, ஒரு திங்கள் அளவில் மாண்டன. எண்ணெய், பிசின், வெண்ணெய் என்பவற்றைத் தனித்தனியே கொடுத்தபோதும் முடிவு நலமாகவில்லை. வயிறு நிறைதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்பது இங்ஙனம் ஐயமற வெளிப்பட்டது. அந்நாளிற் பாரிசு நகரத்து வறியோர்க்கும் நோயாளர்க்கும் எலும்பைக் காய்ச்சி எடுத்த பசைச்சாறு இறைச்சிக்கு ஈடான உணவென்று வழங்கப்பட்டு வந்தது. அதன் உண்மையைச் சோதிக்க அமைந்த குழுவுக்கு மாசாந்தியே தலைவரானார். அச்சாற்றின் பசையை மட்டும் உண்ட நாய்கள் உடல் நிலைபெறவில்லை என்று 1841இல் அக்குழு அறிக்கையிட்டது. இன்றும் எலும்பைக் காய்ச்சிய சூப்பைச் சோற்றில் ஊற்றி, நாய்க்கு எல்லாச் சத்தும் கிடைத்ததென்று மகிழ்வோர் உளர். எலும்பின் கல்சியம் வெந்நீரில் மிகச் சிறிதே கரையும். சூப்பில் இறங்குவது பெரும்பாலும் மணமும் பசையுமே.

ஒரு நூற்றாண்டு கழித்து, முதல் உலகப்போர்க் காலத்தில், பிரித்தானிய அறிஞர் எட்வேட் மெலன்பி என்பார் என்புருக்கி நோயின் காரணத்தைத் தேடினார். கால் வளைந்து மார்பெலும்பு கூம்பும் அந்நோய் அந்நாட்டுக் குழந்தைகளிடையே மிகுந்திருந்தது. அவர் நாய்க்குட்டிகளை வீட்டினுள் வைத்து, ஏழை மக்கள் உண்ட உணவை ஒத்த கஞ்சியும் பாணும் கொடுத்து வளர்த்தார். குட்டிகளின் கால்கள் வளைந்தன. மீனெண்ணெய் சேர்த்தபோது அந்நோய் தோன்றவில்லை. 1919இல் வெளியான இம்முடிவே விற்றமின் டீ என்பதைக் கண்டறிதற்கு வழிகோலிற்று. தானியங்களுள் ஓட்ஸ் மிகுதியும் கேடு செய்தமையை அவர் கண்டு வியந்தார். தானியத்தின் தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைற்றிக் அமிலம் கல்சியத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. இதனோடு அறியவேண்டிய பிறிதொன்றும் உண்டு. மனிதர் வெயிலிற் காய்ந்தால் தோலிலேயே விற்றமின் டீ உண்டாகும். நாய்க்கு அவ்வாறு போதிய அளவில் உண்டாவதில்லை என நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 1994இற் காட்டினர். முற்றத்து வெயிலில் நாள் முழுதும் படுத்துறங்கும் நாய்க்கும் அச்சத்து உணவின் வழியாகவே வருதல் வேண்டும். மீன், ஈரல், முட்டைமஞ்சள் என்பன அதற்குரிய இடங்கள்.

அமெரிக்க அறிஞர் விப்பிள், குருதி இழந்த நாய்களுக்குப் பலவகை உணவும் கொடுத்து, குருதியை மீட்டு ஆக்குவதில் ஈரலே சிறந்ததெனக் கண்டார். அதன் பயனாய் 1934இல் நோபல் பரிசைப் பிறர் இருவரோடு பகிர்ந்துகொண்டார். சோளத்தையே பெரிதும் உண்டோரைப் பற்றிய பெலாக்கிரா நோய்க்கு மருந்து எது என்பதும், நாய்களின் கருநாக்கு நோயை நிக்கோற்றினிக் அமிலத்தால் எல்வியெம் என்பார் 1937இல் தீர்த்தபோது வெளிப்பட்டது. தருமன் தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் என்று பாரதம் கூறும். அறிவியலார் அத்துணை இரக்கம் காட்டினரென்று சொல்லுதற்கில்லை. சர்க்கரை தின்று கண்ணிழந்த நாயும், கஞ்சி குடித்துக் கால் வளைந்த குட்டியும் மனிதக் குழந்தைகளுக்காகத் துன்புற்றன. அவற்றின் துன்பத்தால் விளைந்த அறிவை அவற்றின் இனத்துக்கே பயன்படுத்தாது விடுதல் நன்றியன்று.

இனி, மேற்கூறிய குறைக்கு வருதல் வேண்டும். இறைச்சியாயினும் சோறாயினும், அவற்றில் கல்சியம் மிகக் குறைவு, பொசுபரசு மிகுதி. கொழுப்பற்ற இறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் கல்சியமும் 200 மில்லிகிராம் பொசுபரசும் உள. அஃதாவது ஒன்றுக்கு இருபது. நாயின் உடலுக்கு வேண்டிய அளவோ கல்சியம் பொசுபரசுக்குச் சமமாகவும், இரு மடங்குக்கு மேற்படாதும் இருத்தலாம். ஓநாய் தன் இரையின் எலும்பையும் கடித்துத் தின்பதால் அதற்கு இக்குறை இல்லை. எலும்பு நீக்கிய இறைச்சியை உண்ணும் இல்லத்து நாய்க்கே உண்டு. உணவிற் கல்சியம் குறையுமாயின் குருதியில் அதன் அளவு தாழத் தலைப்படும். அதனை உணர்ந்து, கழுத்திற் கேடயச் சுரப்பியை ஒட்டியுள்ள சிறு சுரப்பிகள் ஓர் ஓமோனைச் சுரந்து, எலும்பிலுள்ள கல்சியத்தைக் கரைத்துக் குருதிக்கு ஈட்டும். குருதி நிறைவுறும்; எலும்பு வறிதாகும். வளர்ந்த நாயில் இது பல மாதங்கள் வெளித்தெரியாது. நாளொரு வண்ணம் வளரும் குட்டியிலோ விரைவில் தெரியும். உயர்ந்த சாதி அல்சேசன் குட்டியை வாங்கி, அது பலம் பெறட்டும் என்று வெறும் இறைச்சியே ஊட்டுவோர் வீட்டில், அது சில வாரங்களில் நொண்டுவதும், முன்கால்கள் வளைவதும், சிறு துள்ளலில் எலும்பு முறிவதும் இதனாலேயே நிகழ்கின்றன. உணவிற் செலவு செய்யாதவன் நாய்க்கு மட்டுமன்றி, செலவு மிகச் செய்தவன் நாய்க்கும் ஒரே நோய் வருதல் விந்தைபோலத் தோன்றும். காரணம் அறிந்தார்க்கு விந்தையன்று.

இதனைக் கேட்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடிக் கல்சியக் குளிசைகளை அள்ளி ஊட்டுதலும் தவறு. பேரினக் குட்டிகள் மிகையான கல்சியத்தைத் தள்ளிவிடும் ஆற்றல் நிரம்பப் பெறாதவை. மிகையாலும் அவற்றின் எலும்பு வளர்ச்சி பிறழும். ஆதலின் வளரும் குட்டிக்கு, அதிலும் பேரினக் குட்டிக்கு, வீட்டில் கைக்கணக்காய்ச் சமைத்தல் தகாது. ஓராண்டு நிறையும்வரை, பேரினமாயின் அதற்கு மேலும் சில மாதங்கள்வரை, மிருக வைத்தியர் வகுத்த உணவோ, குட்டிகளுக்கென அளவிட்டு ஆக்கிய உணவோ கொடுத்தலே தக்கது.

வளர்ந்த நாயின் நிலை வேறு. அதற்கு வீட்டிற் சமைத்தல் இயலும். ஆனால் தராசு வேண்டும். 10 கிலோக்கிராம் நிறையுள்ள, வீட்டோடு கிடக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு 530 கலோரி அளவும், ஓடியாடும் நாய்க்கு 730 கலோரி அளவும் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி பெறப்படும். 20 கிலோக்கிராம் நாய்க்கு இதன் இரு மடங்கு வேண்டும் என எண்ணுதல் கூடாது. உடல் பெருக்கும்போது ஒவ்வொரு கிலோக்கிராமுக்கும் வேண்டிய சக்தி சிறிது குறைந்து செல்லும். ஆதலின் ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்றுக் குறைவாகவே அதற்கு வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு நாள் உணவை நிறுத்துப் பார்க்கலாம். குழைய வெந்த சோறு 200 கிராம். எலும்பும் தோலும் நீக்கி அவித்த கோழியிறைச்சி 120 கிராம். அவித்து மசித்த பூசணிக்காய் 75 கிராம். கோழியீரல் 10 கிராம். நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இவை கூடி ஏறக்குறைய 550 கலோரி தரும். புரதத்துக்கு இதிற் குறைவில்லை. எண்ணெயில் நல்லெண்ணெயைக் கூறியது காரணம் பற்றியே: நாயின் தோலுக்கும் மயிருக்கும் இன்றியமையாத இலினோலெயிக் அமிலம் தேங்காயெண்ணெயில் மிக அருகியும், நல்லெண்ணெயில் நிரம்பவும் உள்ளது. ஈரல் 10 கிராமுக்கு மேற்படாமைக்கும் காரணம் உண்டு. விற்றமின் ஏ ஈரலில் மிகச் செறிந்திருப்பதால், நாள்தோறும் மிகுதியாக உண்ணுதல் நஞ்சாகும். பார்வைக்கு இவ்வுணவு குறைவற்றது. நாயும் தட்டை நக்கித் துடைக்கும். எனினும் கல்சியத்தைக் கணக்கிட்டால் அது 60 மில்லிகிராமையும் எட்டாது. வேண்டுவது 690 மில்லிகிராம் அளவு. அஃதாவது பன்னிரண்டில் ஒரு பங்கே உள்ளது. நாகம் என்னும் உலோகச் சத்தோ வேண்டியதில் மூன்றிலொரு பங்கு. அயடீன், செம்பு, விற்றமின் ஈ, விற்றமின் டீ என்பனவும் குறையும்.

கல்சியக் குறையை முட்டைக்கோதால் நிரப்பலாம். கோதைக் கழுவி, கொதிநீரில் அவித்து, வெயிலிற் காயவைத்து, மாவாக அரைத்தல் வேண்டும். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் அடங்கும். மேற்கூறிய ஒரு நாளுணவுக்கு மூன்றிலொரு தேக்கரண்டி போதும். காசு செலவற்ற இவ்வொரு செயல், இறைச்சிக்குச் செலவிடும் பணத்தினும் மிக்க பயன் தரவல்லது. நெத்தலி, சூடை முதலிய சிறு மீன்களை முள் நெகிழும்வரை அவித்து மசித்தலும் நன்று. அவற்றிலே கல்சியமும் பொசுபரசும் ஒருங்கே உள்ளன. நெத்தலிக் கருவாடாயின் பலமுறை நீரில் ஊறவைத்து உப்பை நீக்குதல் வேண்டும். ஏனைய சத்துக்களை அடுப்பங்கரைப் பொருள்களால் முற்றும் நிரப்புதல் அரிது. அவற்றுக்கென மிருக வைத்தியர் தரும் விற்றமின் கனிப்பொருட் கலவையைச் சேர்த்தலே வழி. மனிதருக்கான குளிசை அளவிலும் சேர்க்கையிலும் வேறாதலின் அதற்கு ஈடாகாது.

கலவை எதற்கு, பலவகை உணவை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பாதோ என்பார்க்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு விடையளிக்கும். வளர்ந்த நாய்களுக்கென நூல்களிலும் இணையத்திலும் வெளியான 200 சமையற் குறிப்புகளை அவர்கள் கணக்கிட்டனர். நூற்றுக்கு 95 குறிப்புகள் இன்றியமையாச் சத்து ஒன்றிலேனும் குறைவுற்றிருந்தன. நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட சத்துக்களிற் குறைவுற்றிருந்தன. அக்குறிப்புகளுள் மிருக வைத்தியர் எழுதியனவும் இருந்தன என்பது எண்ணத்தக்கது. எல்லாவற்றிலும் ஒரே சத்துக்கள் திரும்பத் திரும்பக் குறையுமாயின், அவற்றை மாற்றி மாற்றி உண்பதால் நிறைவு உண்டாதல் எங்ஙனம்?

மச்சம் புழங்காத வீடுகளில் எழும் வினா இதனினும் கடிது. வீட்டாரின் விரதம் வீட்டாருக்கே உரியது; நாய் அதனை ஏற்றுக்கொண்டதன்று. எனினும் அவ்வீட்டு அடுப்பில் அவிவதையே அதுவும் உண்டாகவேண்டும். பூனையாயின் விடை எளிது: அது ஊனின்றி வாழும் அமைப்புடையதன்று. நாயோ அனைத்துண்ணி, புரதம் எவ்விடத்திலிருந்து வந்தாலும் ஏற்கும், அளவும் சேர்க்கையும் சரியாயின். சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 1000 கலோரி தரும் சோற்றில் ஏறக்குறைய 20 கிராம் புரதமே உள்ளது. வேண்டுவது 45 கிராம். அன்றியும் அரிசிப் புரதத்தில் இலைசீன் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி, மெதியோனீன் குறைவு. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றையொன்று நிரப்பும். தமிழர் இலையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தமை ஆய்ந்து கண்ட முறையோ பட்டறிவோ, எதுவாயினும் நாய்க்கும் பொருந்தும். சோறு 200 கிராம், அவித்த பருப்பு 100 கிராம், அவித்த முட்டை இரண்டு, பூசணியோ கரட்டோ சிறிது, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 590 கலோரியும் 27 கிராம் புரதமும் கிட்டும். 10 கிலோக்கிராம் நாய்க்கு வேண்டிய புரதத்தின் கீழெல்லையை இது எட்டிவிடும். அதற்கு மேல் மிச்சமில்லை. பருப்பின் பைற்றிக் அமிலத்தைக் கருதி, கோதுத் தூளும் கனிப்பொருட் கலவையும் இங்கு முன்னையதினும் இன்றியமையாதன. முட்டையும் ஆகாதெனின், பாலும் தயிரும் மட்டும் கொண்டு அளவை நிரப்புதல் கடினம். வளர்ந்த நாய்கள் பல பாலிலுள்ள இலற்றோசைச் செரிக்கமாட்டாது வயிற்றாற் போகும். அத்தகைய வீட்டார், ஊனின்றிச் சமன்செய்து விற்கப்படும் உணவை மிருக வைத்தியரின் சொற்கேட்டுக் கொடுத்தலே அவ்விலங்குக்குச் செய்யும் நீதி.

குறை ஒருபுறமிருக்க, நஞ்சு மறுபுறம் உள்ளது. எஞ்சிய கறியைச் சோற்றோடு பிசைந்திடும் வழக்கத்தின் பெருங்கேடு அதன் வறுமையன்று, அதன் சுவையே. தமிழர் கறியில் வெங்காயம் இல்லாதது அரிது. வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குழியங்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். உடல்நிறையில் ஒவ்வொரு கிலோக்கிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வரை உண்ட நாய்களிற் கேடு தெளிவாகக் காணப்பட்டுள்ளது. 10 கிலோக்கிராம் நாய்க்கு 150 கிராம், அஃதாவது ஒன்றிரண்டு வெங்காயம். சிறிது சிறிதாகப் பலநாள் உண்பதும் அவ்வாறே. வதக்கினாலும் அவித்தாலும் நஞ்சு நீங்காது. உள்ளியும் அவ்வினத்ததே. கேடு உண்ட அன்று தெரியாது, சில நாள் கழித்தே நாய் சோர்ந்து, முரசு வெளிறி, சிறுநீர் செம்மண்ணிறமாக மாறும். அப்பொழுது வெங்காயத்தை நினைப்பார் எவருமிலர்.

திராட்சையும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தை அழிக்கும் என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டது. காரணம் விளங்காதிருந்தது. அதிலுள்ள தாத்தாரிக் அமிலமே நஞ்சு என்னும் கருத்து 2021இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, புளியை உண்ட நாய்களிலும் அதே சிதைவு கண்டமையைக் காட்டி அக்கருத்தை வலியுறுத்தியது. பழப்புளியின் புளிப்பும் தாத்தாரிக் அமிலத்தாலேயே ஆவது. மேனாட்டு நாய்வளர்ப்பு நூல்களிற் புளியைப் பற்றிய எச்சரிக்கையைக் காண்டல் அரிது, அவர்கள் அடுப்பிற் புளி கொதிப்பதில்லை ஆதலின். மீன்குழம்பும் இரசமும் நாள்தோறும் கொதிக்கும் நாட்டிலோ இச்செய்தி ஒவ்வொரு வீட்டிலும் அறியப்படவேண்டியது. சொக்கலேற்றில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெல்லவே வெளியேற்றும். ஆதலின் அது இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரைக்கு மாற்றாகச் சில இனிப்புகளிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் நாயின் குருதிச் சர்க்கரையைத் திடுமென வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த பாணும் புண்ணாக்கும் நாய்க்குத் தானே என்று வீசத்தக்கனவல்ல. அவற்றில் தோன்றக்கூடிய அபிளாநச்சு நாயின் ஈரலுக்குப் பெரும்பகை. அவித்த கோழியெலும்பு ஈட்டிபோற் பிளந்து குடலைத் துளைக்கும். பொரித்த கொழுப்பும் திண்ணிய தேங்காய்ப்பாற் குழம்பும் சதையியை அழற்றக்கூடும். பெருநாள் விருந்தின் மறுநாள் நாய்கள் வாந்தியெடுத்துக் கூனிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நாய்க்குரிய பங்கை உப்பு, மிளகாய், வெங்காயம், புளி என்பன சேருமுன்னரே எடுத்து வைத்தல் வேண்டும். மஞ்சள் சிறிது சேர்ந்தாற் குற்றமில்லை.

சமையாத இறைச்சியும் எலும்புமே நாய்க்கு உகந்த உணவு என்னும் கொள்கை, அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் பில்லிங்கேசுற்று 1993இல் எழுதிய நூலால் மேனாடுகளிற் பரவியது. எலும்பின் இன்றியமையாமையை அவர் வற்புறுத்தியது ஏற்கத்தக்கதே. எனினும் பச்சை இறைச்சியிற் சல்மொனெல்லா முதலிய நுண்ணுயிர்கள் தங்கியிருத்தல் கூடும். நாய்க்கு நோய் செய்யாதபோதும் அதன் நாவின் வழியும் மலத்தின் வழியும் வீட்டுக் குழந்தைகளைச் சேரும். வெப்பநாட்டில் இவ்விடர் பெரிது. கடையில் விற்கும் உணவை முற்றும் பழிப்பதும் நேரிதன்று. அது 1860ஆம் ஆண்டளவில் இலண்டனில் இசுபிராற்று என்னும் அமெரிக்கர் விற்ற நாய்ப் பிசுக்கோத்தில் தொடங்கியது. இன்று நல்லன பல சத்துக்களை அளவோடு கொண்டுள்ளன. 2007இல் வட அமெரிக்காவிற் கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்தமையால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுற்று இறந்தன. அதன்பின் அங்குப் பலர் வீட்டடுப்பை நாடினர். இலங்கையில் 2022ஆம் ஆண்டு நாணய மதிப்பு வீழ்ந்து இறக்குமதிப் பண்டங்களின் விலை உயர்ந்தபோது, வீட்டுணவு தேர்வன்றித் தேவையே ஆயிற்று. அச்சமாயினும் வறுமையாயினும், அடுப்புக்குத் திரும்பியோர் தராசையும் உடன்கொண்டு திரும்பினரா என்பதே வினா.

உணவை மாற்ற விரும்புவோர் ஒருநாளில் மாற்றுதல் ஆகாது. பழைய உணவில் நாலிலொரு பங்கை நீக்கிப் புதியதைச் சேர்த்து, ஏழெட்டு நாளில் முற்றும் மாற்றல் வேண்டும். இன்றேல் வயிறு கழியும். காலையில் வடித்த சோறு வெப்பத்தில் மாலைவரை கிடந்தால் நஞ்சூறும். குளிரூட்டியில் வைத்ததாயினும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்தல் நன்றன்று. நாய் தட்டிலே இறைச்சியைப் பொறுக்கித் தின்று சோற்றையும் தூளையும் விட்டுவிடும் தந்திரம் உடையது. ஆதலின் எல்லாவற்றையும் பிரிக்கவியலாதவாறு பிசைந்திடுதல் வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை நிறையைப் பார்த்து எழுதிவைத்தல் நலம். தராசில் நாய் நில்லாதெனின், அதனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நின்று நிறுத்து, பின் தனியே நின்று நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். கையால் தடவும்போது விலா எலும்புகள் மெல்லிய தசையின் கீழ் எண்ணக்கூடியனவாகவும், தொலைவிலிருந்து காண்பார்க்கு அவை புடைத்துத் தோன்றாதனவாகவும் இருக்குமாயின் அளவு சரியானது. எண்ண முடியாதெனின், முதலிற் குறைக்க வேண்டுவது வீட்டார் தத்தம் இலையிலிருந்து மேசைக்கடியில் நீட்டும் கவளங்களையே.